நெல்லை-ஏழு

ஒப்பந்தத்தில் என் பெயர் இரண்டே இடத்தில் வரும்.
மற்ற முப்பத்தாறு பக்கத்திலும் நான்
நெல்லை-ஏழு.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேரே
பத்துக்குப் பத்து.
எட்டுப் பவுனும்,
மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருடம்
கணக்குச் சொல்லிக்கொடுத்து மிஞ்சியதும்
'கூஜா காபி' என்ற பெயருக்குப் போயிற்று.
பெயர் ஈரோட்டில் இருக்கிறது.
ஐந்து வருடத்துக்கு அதன் போர்டு எனக்கு.

டிகாக்‌ஷன் அவர்கள் பாக்கெட். சீனி அவர்கள் சீனி.
கலக்கும் கரண்டிக்கும் ஒரு எண் உண்டு.
பதினோராம் பிரிவின்படி
வெளிப் பலகாரம் வைக்கக் கூடாது.
செய்யதலி வண்டியில் உளுந்தவடை வேகும் வாசம்
கடைக்குள் வரலாம்,
வடை வரக் கூடாது.

தை மாதம் எதிரே கண்ணாடி முளைத்தது,
பழைய ஸ்கேன் சென்டர் இருந்த இடத்தில்.
இரண்டு மாடி, ஏசி,
உலகம் பூரா நாலாயிரம் கடையாம்,
முதல் வாரம் ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா.
ஹவுஸ்சர்ஜன் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள்,
கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும்
முகத்தில் கொஞ்சம் கூச்சமுமாக.
மாசானமும் போனான்.
மூவாயிரம் கூட, பி.எஃப்., ஒரு தொப்பி.
போடே, நல்லாரு, என்றேன்.
மனசாரச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன்.

ஈரோட்டுக்குப் போன் போட்டால்
"நாம அனுபவத்த விக்கிறோங்க மேடம்,
பயப்படாதீங்க" என்றார் ஒருத்தர்.
கடை முன்னால் விரிக்க ஒரு குடை வந்தது.
குடைக்குப் பில்லும் வந்தது.
ஆடிக்காத்து அதை கே.டி.சி. நகர் பக்கமாகக் கொண்டுபோயிற்று.
தவணை மட்டும் இங்கேயே நிற்கிறது.

ஒரு மத்தியானம் நானே ரோட்டைத் தாண்டினேன்.
ருசி பார்க்காமல் குறை சொல்லக் கூடாதில்லையா.
இருநூற்று நாற்பது ரூபாய்.
என் கணக்கில் பதினாறு காபி.
கல்லாவில் மாசானம்.
"உங்க பேரு, மேடம்?"
என்னடே இது, என்றேன்.
குரலைத் தாழ்த்தினான்.
"பேர் போடாட்டா மெஷின் பில் அடிக்காதுக்கா."

இரண்டு வருடம் என்னோடு நின்றவன்.
என் சர்க்கரை மாத்திரைக்கு நேரம் தெரியும்,
கல்லாச் சாவி தொங்கும் ஆணி தெரியும்.
அக்காவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று
அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
ஞானப்பூ, என்றேன்.
பேனா நின்றுவிட்டது.
அந்த எழுத்தில் 'ஞ' கிடையாது.
ஒரு எழுத்துப் போட்டான், அடித்தான்,
இன்னொன்று போட்டான்,
பின்னால் வரிசை நீள
'அக்கா' என்று எழுதி நீட்டினான்.

காபி நன்றாக இருந்தது.
அதுதான் வயிற்றெரிச்சல்.

ராத்திரி முறை என்னுடையது,
ஆள் வைத்தால் கட்டாது.
எதிரே நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும்.
பிரசவ வார்டிலிருந்து யாராவது
தூக்குவாளியோடு வருவார்கள்,
வீரவநல்லூர், மானூர், திசையன்விளை.
காபி வேண்டாம், கொஞ்சம் வெந்நீ இருக்குமா?
வெந்நீருக்குத் துட்டு வாங்கினதில்லை.
வாங்க நினைத்தாலும்
மெஷினில் அதற்குப் பொத்தான் இல்லை.

போன வாரம் ஈரோட்டிலிருந்து கடிதம்.
நெல்லை-ஏழு,
சிலிண்டர் எண்ணிக்கை அதிகம், கப் எண்ணிக்கை குறைவு,
நான்கு நாளில் விளக்கம் தேவை.

நாலும் போயிற்று.
ஒரு வரி எழுதினேன், அடித்தேன்.
கணக்கு டீச்சர்தான், இருந்தும்
இந்த மீதியை எந்தப் பக்கத்தில் போட என்று தெரியவில்லை.

மணி இரண்டே முக்கால்.
கேட்டிலிருந்து ஒரு ஆள் வருகிறார்,
கையில் வாளி,
வண்டியே இல்லாத ரோட்டில்
இரண்டு பக்கமும் பார்த்து.
அடுப்பைக் கூட்டி வைக்கிறேன்.